வீட்டுக்கு ஒரு மண்கட்டி

சந்தேகப்படுவதுதான் என் வேலை. நியூஜெர்சியில் மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், தர சோதனைப் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். யாராவது ஒன்றைச் சரி என்றாலும் தப்பு என்றாலும் மூன்று தடவை சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். மாம்பலத்தில் சின்னப் பெண்ணாக இருந்தபோது எதிர்வீட்டு அக்காவுக்கு ஆடி வெள்ளிக்கு ஆடி வெள்ளி சாமி வரும், தெருவே கும்பிடும், நான் மட்டும் அவளுக்கு ரத்தசோகை என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்குவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்கு வருத்தமில்லை, சொல்லப்போனால் யாராவது இதைப் பொய் என்று நிரூபித்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

என் மகள் அனன்யா அப்போது நான்காம் வகுப்பு. நாங்கள் இருப்பது பிரிட்ஜ்வாட்டரில். இங்கே நான்காம் வகுப்பில் மாநில வரலாறு படிக்க வேண்டும், மே மாதம் பிள்ளைகளைப் பழைய ஆங்கிலேயர் குடியிருப்பு ஒன்றுக்குக் கூட்டிப்போவார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்றைக்கும் பள்ளிக்கூட பஸ்கள் அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. முன்னூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சில குடும்பங்கள் காட்டை வெட்டி உண்டாக்கின ஊர். ஒரு ஜெபக்கூடம், கொல்லன் பட்டறை, எட்டுப் பத்து மர வீடுகள், எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் அந்தக் கால உடுப்பில், தலையில் வெள்ளைத் துணிக் குல்லாயோடு சுற்றுவார்கள். வேலி தாண்டினால் ஹைவே, லாரிகளின் இரைச்சல் ஓயவே ஓயாது.

பிள்ளைகளுக்குத் துணையாக இரண்டு அம்மாக்கள் போனோம். ஒன்று நான். இன்னொன்று பியூலா.

பியூலாவைப் பற்றிச் சொல்லும்போது என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் பாளையங்கோட்டைப் பக்கம். கணவன் வேலை விசாவில் வந்தவன், அவளுடையது அவனோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா, அதில் வேலைக்குப் போக முடியாது. ஊரில் ஆசிரியையாக இருந்தவளாம். இங்கே சும்மா இருக்க முடியாமல் பள்ளிக்கூடத்தில் எதற்குக் கூப்பிட்டாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். புத்தகம் அடுக்குவாள், அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டு வருவாள், தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் பேசுவாள், பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். எங்கள் தமிழ் அம்மாக்கள் கூட்டத்துக்குப் பிடிக்காது. அவள் ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ என்று பேசுவதை அவள் இல்லாதபோது பேசிக்காட்டிச் சிரிப்போம். நன்றாகப் பேசிக்காட்டுவது நான்தான். ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடினபோது அவளையும் அவள் மகள் ஷாரனையும் மட்டும் கூப்பிடாமல் விட்டதும் என் யோசனைதான். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. அவள் எப்போதும் ‘ராஜிக்கா, ராஜிக்கா’ என்று பின்னாலேயே வருவாள், அது எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஆசிரியை பாதிப் பிள்ளைகளோடு கொல்லன் பட்டறைக்குப் போனார். மீதிப் பிள்ளைகள், நான், பியூலா, வழிகாட்டி மார்த்தா என்ற வயதான வெள்ளைக்கார அம்மாள், நாங்கள் ஜெபக்கூடத்துக்கு முன்னால் இருந்த புல்வெளிக்கு வந்தோம். காலை பதினோரு மணி இருக்கும், நல்ல வெயில், எனக்கு வியர்த்தது.

புல்வெளி நடுவில் ஒரு கம்பம். அதன் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பலகை, நடுவில் கழுத்துக்கு ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் மணிக்கட்டுக்கு இரண்டு ஓட்டை. மேல்பலகையைத் தூக்கி ஆளைக் குனிய வைத்து மூடினால் அசைய முடியாது. பியூலா பார்த்ததும் சொன்னாள்: “யக்கா, எங்க பைபிள்ல தொழுமரம்னு வரும்லா, அது இதாங்க்கா.”

குற்றம் செய்தவர்களை இதில் மாட்டி ஊரே வேடிக்கை பார்க்கும் என்று மார்த்தா பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். வாளி நிறைய மஞ்சள் ஸ்பாஞ்சு, பாத்திரம் தேய்ப்போமே அதுதான். யாராவது ஒரு அம்மா உள்ளே தலையை வைத்தால் பிள்ளைகள் எறியலாம் என்றார். எல்லா வகுப்புக்கும் செய்கிற விளையாட்டுதானாம். பூட்டுகூடக் கிடையாது, ஒரு மரக்குச்சியைச் செருகுவதுதான், உள்ளே இருப்பவர் தலையால் முட்டினாலே பலகை திறந்துவிடும் என்று திறந்து மூடிக் காட்டினார்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் பியூலாவின் முதுகில் கை வைத்து, “நீ போயேன் பியூலா, உனக்குத்தான் இதெல்லாம் ஜாலியா இருக்குமே” என்றேன்.

“நானாக்கா?” என்று சிரித்துக்கொண்டே போய்க் குனிந்தாள். மார்த்தா பலகையை மூடிக் குச்சியைச் செருகினார்.

முதலில் சிரிப்புதான். ஸ்பாஞ்சு பறந்தது, ஒன்று அவள் மூக்கில் பட்டு ஒட்டிக்கொண்டது, அவளே “ஏ, யாரது” என்று கத்திச் சிரித்தாள். நான் போனில் படம் எடுத்தேன்.

அப்போது லாரி இரைச்சல் நின்றது.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது மாதிரி இல்லை, ஏனென்றால் பக்கத்தில் ஒரு பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சு புகையாக வெளியே வந்தது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் குளிர்வதே தெரிந்தது. விறகுப் புகையும் நனைந்த கம்பளியும் சேர்ந்த ஒரு நாற்றம் வந்தது. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், எறிவதை மட்டும் நிறுத்தவில்லை. யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்காத பிள்ளைகள். ஒவ்வொருவராக முன்னால் வந்து ஒரு பெயர் சொன்னார்கள், தங்கள் பெயர் இல்லை, ஏதோ பழங்கால வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். பெயரைச் சொல்லி எறிந்துவிட்டு நகர்ந்து போனார்கள். எறிந்தது மரத்தில் பட்டபோது சத்தம் கேட்டது. ஸ்பாஞ்சு பட்டால் அப்படிச் சத்தம் வருமா, சொல்லுங்கள்?

என் அனன்யா போனாள். அவளும் ஒரு பெயர் சொன்னாள், அவள் குரலிலேயே சொன்னாள், ஆனால் சொன்ன விதம் வயதான ஆம்பளை கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. எறிந்தாள். பியூலா “அம்மா!” என்றாள். அது விளையாட்டுக்குக் கத்தினது இல்லை. தலையால் பலகையை முட்டினாள், முட்டிக்கொண்டே இருந்தாள், பலகை அசையவில்லை.

“யக்கா, போதும்க்கா! தெறந்துவிடச் சொல்லுங்கக்கா!”

என்னிடம்தான் கேட்டாள். நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். மார்த்தா கைகளைக் கோத்துக்கொண்டு, ஒருவர் விடாமல் வந்தார்களா என்று கணக்குப் பார்க்கிறவர் மாதிரி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் வரிசையில் இருந்தேன். நடந்து போன ஞாபகம் இல்லை. கையில் ஏதோ கனமாக, விரல் மரத்துப்போகிற குளிர்ச்சியாக இருந்தது. இங்கேதான் நான் பொய் சொல்லலாம், ஏதோ என்னைப் பிடித்துக்கொண்டது, என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை என்று. இதுவரை கேட்ட இரண்டு பேரிடம் அப்படித்தான் சொன்னேன். உண்மை அது இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன், யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள் என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கதகதப்பு. வாயைத் திறந்தேன், ஒரு பெயர் வந்தது. எறிந்தேன். நன்றாகக் குறிபார்த்து எறிந்தேன்.

எனக்குப் பின்னால் கடைசியாக நின்றது ஷாரன், பியூலாவின் மகள். அவள் நடந்து வரவில்லை, ஓடி வந்தாள்.

அவள் கை இறங்கின நொடியில் லாரி இரைச்சல் திரும்பவும் கேட்டது, முதுகில் வெயில் சுட்டது. பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். புல்லில் மஞ்சள் ஸ்பாஞ்சுகள் கிடந்தன, வேறு எதுவும் இல்லை. பியூலாவின் தலை தொங்கியிருந்தது, நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாகச் சொட்டியது.

மார்த்தா அலறிக்கொண்டு ஓடினார். குச்சியை உருவியும் பலகை வரவில்லை. பட்டறையிலிருந்து கொல்லன் வேடக்காரர் வந்து இழுத்தார், ஆசிரியையும் சேர்ந்து இழுத்தார், அசையவில்லை. பிறகு ஷாரன் வந்து ஒரு கையால் தொட்டாள், திறந்துகொண்டது.

பிள்ளைகளை ஆசிரியையிடம் விட்டுவிட்டு, நான்தான் ஓட்டி வந்திருந்த என் காரில் அவளைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். பியூலா என் முகத்தைப் பார்க்காமலே, நானே பலகையில் இடித்துக்கொண்டேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, இடுக்கியால் எதையோ எடுத்து எஃகுத் தட்டில் போட்டார். ‘டங்’ என்று விழுந்தது. சுண்டுவிரல் நகமளவு கறுப்பு மண், அதில் ஒரு வைக்கோல் துணுக்கு, மேலே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. உறைந்த மண். வெளியே எண்பது டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். டாக்டர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆறு தையல் போட்டார்கள். நாங்கள் கிளம்பும்வரை அந்த மண் தட்டில் உருகாமல் இருந்தது, நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது காரில் ஹைவேக்கு வந்துவிட்டோம். பிறகு பியூலா கேட்டாள்.

“ராஜிக்கா, எறியும்போது என்ன பேரு சொன்னிய?”

“எனக்கு ஞாபகம் இல்ல பியூலா.” ஞாபகம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

“நீங்க எறிஞ்சது கையிலதாங்க்கா பட்டுச்சு. நெத்தியில பட்டது கடைசி.”

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் கட்டுப் போட்ட தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு, “ஷாரன்ட்ட சொல்லிராதிய” என்றாள். “அம்மா இடிச்சிக்கிட்டான்னுதான் சொல்லப்போறேன்.”

“ஸ்கூல்ல சொல்ல வேணாமா? அந்த மியூசியத்து மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாமே?”

“என்னன்னுக்கா குடுக்க? ஸ்பாஞ்ச எறிஞ்சாங்கன்னா? கிரீன்கார்டு பேப்பர் ஓடிட்டு இருக்குக்கா. எங்களுக்கு எதுக்கு வம்பு?”

அன்று மாலை அனன்யாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்தது, ஷாரனோட அம்மாதான் தலையை இடித்துக்கொண்டார்கள் என்றாள். போனில் நான் எடுத்த படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு சனிக்கிழமை தனியாக அங்கே போனேன். மார்த்தா அலுவலக அறையில் சாதாரண உடுப்பில் இருந்தார். இந்தத் தொழுமரத்தில் யாராவது செத்திருக்கிறார்களா என்று நேராகக் கேட்டேன். சுற்றுலாக்காரர்களுக்கு அதைச் சொல்வதில்லை என்றார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்துகொண்டே அவராகவே சொன்னார். ஊர்க்கூட்டத்துக் குறிப்பேட்டின் நகல் அவரிடம் இருந்தது.

ஒரு பெண், வேலைக்காரி. கப்பல் செலவுக்குப் பதிலாக இத்தனை வருடம் உழைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு இங்கிலாந்திலிருந்து வந்தவள். வருடம் முடிந்தது, எஜமான் விடவில்லை. இன்னும் முடியவில்லை என்று சாதித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் எல்லாருக்கும் நடுவில் எழுந்து, இவன் பொய் சொல்கிறான் என்று அவள் சொல்லிவிட்டாள். பெரிய மனிதன்மேல் பழி சொன்னாள் என்று தொழுமரத்தில் மாட்டினார்கள். அது கடுங்குளிர்காலம்.

பக்தியான ஊர் அது, ஆகவே இரண்டு விதி போட்டார்கள். யாரும் கல்லெறியக் கூடாது, மண்ணைத்தான் எறிய வேண்டும். அப்புறம், நான் எறியவில்லை என்று பின்னால் யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, வீட்டுக்கு ஒருவர் வந்து வீட்டுப் பெயரைச் சொல்லி ஒரு கட்டி எறிய வேண்டும். மண் இரும்பாக உறைந்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். குறிப்பேட்டில் கடைசிவரை, கல் எறியப்படவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள்.

“எஜமான் வீட்டிலிருந்து யார் எறிந்தார்கள்?” என்று கேட்டேன்.

அந்த வேலைக்காரியுடைய மகள், என்றார் மார்த்தா. அம்மாவோடு அந்த வீட்டில் வேலை செய்த குழந்தை, ஒன்பது வயது. அவளை அந்த வீட்டுக் கணக்கில் சேர்த்து அனுப்பினார்கள். அவள்தான் கடைசி. அதற்குப் பிறகு அந்தப் பெண் அசையவில்லை. கட்டாயப்படுத்தி அனுப்பினார்களா என்றேன். இல்லை, அந்தக் குழந்தை ஓடிவந்து எறிந்ததாக எழுதியிருக்கிறார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்ததோ என்னவோ, அது யாருக்குத் தெரியும் என்றார். பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார், அன்றைக்குக் கடைசியாக நின்றது யார் என்று. அன்று நடந்தது எதுவும் தனக்கு ஞாபகம் இல்லை என்று அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் சொல்லியிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருடமே பியூலா குடும்பம் டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்குப் போய்விட்டது. கணவனுக்கு அங்கே வேலை மாற்றல் என்றார்கள். நான் வழியனுப்பப் போகவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவள் போன் செய்வாள், ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை, நானும் எடுப்பேன். ஒருமுறை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எறியும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது பியூலா என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன்.

“தெரியும்க்கா,” என்றாள். “நான் குனிஞ்சுல்லா நின்னேன், ஒவ்வொரு மொகமா நேருக்கு நேரா பாத்தேன். எல்லாருக்கும் சந்தோஷந்தான்.” மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்து சில நாள் கழித்து, ஒரு காலை வேளையில் அவளிடமிருந்து போன். குரல் சரியில்லை. கேட்டிக்கு ஏன் போனோம் தெரியுமா என்று ஆரம்பித்தாள். வேலை மாற்றல் எல்லாம் இவர்களாகக் கேட்டு வாங்கினதாம். இங்கே இருந்தபோது அந்த வருடக் குளிரில் ஷாரன் தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய், மண் இறுகிவிட்டதா என்று குதிகாலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பாளாம். மண் உறையாத ஊராகப் பார்த்துப் போய்விடலாம் என்றுதான் போனார்களாம்.

“இங்க நேத்து ராத்திரி ஃப்ரீஸ் ஆயிருச்சுக்கா. எப்பவாச்சும் ஆகும். காலையில எந்திச்சிப் பாத்தா பிள்ளை பெட்ல இல்ல. பேக்யார்டுல உக்காந்திருக்கா. மண்ணப் பேத்து எடுத்து, வேலி ஓரமா வரிசையா அடுக்கி வச்சிருக்கா. நகமெல்லாம் ரத்தம்.”

“எதுக்குன்னு கேட்டியா?”

“கேட்டேன். இங்கிலீஷ்ல சொல்லுதா, நம்ம வீட்டக் கூப்பிட்டா ரெடியா இருக்கணும்லா மம்மின்னு.”

நான் என்ன சொல்லி போனை வைத்தேன் என்று நினைவில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதற்குப் பிறகு நான் செய்தது இவ்வளவுதான். இங்கே மண் உறைந்து வாரக்கணக்காகியிருந்தது, எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தோட்டம் முழுக்கத் தெரியும். எழுந்துபோய் வெளியே பார்க்காமலே அதன் திரையை இழுத்து மூடினேன். மாடியில் அனன்யாவின் குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அவள் ரொம்ப நேரமாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். சாப்பிட வா என்று மட்டும் கூப்பிட்டேன். அவள் அன்றைக்கு என்ன பெயர் சொன்னாள் என்று இதுவரை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.